எனக்கு எந்தத் தேதியில் கல்யாணம் ஆனது?

1

இன்று எங்கள் திருமண நாள். அதாவது, முதலாவது திருமண நாள். இரண்டாவது வைகாசியில் வரும். கணவர் ஒருவர்தான், நாள்தான் இரண்டு. சுங்கை பட்டாணியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. பதிவு ஒரு நாள், தாலி ஒரு நாள் என்பது நம் மலேசியத் தமிழர் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. அதை இங்கே குன்றத்தூரில் ஒவ்வொருவருக்கும் விளக்கி விளக்கி என் தொண்டை வற்றிவிட்டது.

விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம், "இன்னைக்கு என்ன நாள், தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"புதன்கெழம. ஏ ஷிப்டு. இன்னா இப்போ?" என்றார் ஏழுமலை, ஒரு காலில் சாக்ஸோடு.

"நாம பதிவு பண்ண நாள்."

"அதுவா? அத்த ஏன் ஞாபகப்படுத்தற? அந்த நாளாலதான இவ்ளோ வம்பு."

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. இந்த ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் நடக்கும் அத்தனை சங்கடத்துக்கும் அந்த ஒரு தேதிதான் காரணம்.

2

என்னை மறந்துபோனவர்களுக்கு: நான் விமலா. அரசு கிளினிக் பதிவு கவுண்டரில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தவள். "அடையாள கார்டு இருக்கா? ஒரிஜினல் எங்கே? நாளைக்கு வாங்க" என்று உங்களில் பலரை நானே திருப்பி அனுப்பியிருப்பேன். முதல் கணவர் இறந்தபின் மகள் தர்ஷினியோடு தனியாக இருந்தேன். பக்கத்து ஊரான கூலிமில் புதிய இயந்திரங்களைப் பொருத்த ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த ஏழுமலை, ஒரு நாள் காய்ச்சலோடு என் கவுண்டருக்கு வந்தார். வெளிநாட்டவருக்கு வேறு கவுண்டர் என்று சொல்லி அவரையும் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காய்ச்சல் இல்லாமல் வந்து, "இன்னிக்கு எந்த கவுண்டர்ங்க?" என்று கேட்டார். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இப்போது குன்றத்தூரில் மூன்றாவது மாடி வீடு. சமையலறை ஜன்னலில் மலைக்கோயில் தெரியும், கூடத்து ஜன்னலில் கம்பெனி பஸ்கள் தெரியும். இரண்டையும் பார்த்தே என் பொழுது போகிறது. மனைவி என்ற முறையில் எனக்குக் கிடைத்திருக்கும் விசாவில் வேலைக்குப் போக முடியாது. ஊரில் சொந்தச் சம்பளமும் சொந்தக் காரும் வைத்திருந்தவளுக்கு இங்கே கைத்தொலைபேசி எண்கூட அவர் பெயரில்தான். காய்கறி வாங்கப் போனால் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, பேரங்காடிக்குப் போகணும்" என்பேன். அவர் திரும்பிப் பார்த்து, "யக்கா, நீ டிவில நியூஸ் படிக்கிறியா?" என்பார்.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது தர்ஷினியை "மருத்துவமனை என்று சொல்லு, ஆஸ்பிட்டல் என்று சொல்லாதே" என்று படாதபாடு படுத்தியவள் நான். இங்கே எட்டாம் வகுப்பில் சேர்த்த மூன்றாம் வாரம் அவள் என்னிடம், "இன்னாம்மா, சும்மா கத்திகினே கீற?" என்றாள். ஒரு நிமிடம் வேறு யாரோ பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். வெளிநாட்டுக்குப் போன நம்மவர் பிள்ளைகள் தமிழை விட்டு ஆங்கிலத்துக்குப் போவதைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். என் பிள்ளை தமிழை விட்டுத் தமிழுக்கே போனாள். இதற்கு யாரிடம் போய் அழுவது? மலாயில் ஒரு வரி கேட்டால் இப்போது யோசித்துத்தான் பதில் சொல்கிறாள்.

3

விஷயத்துக்கு வருகிறேன். ஏழுமலையின் கம்பெனி அவருக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்திருக்கிறது. மனைவியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: திருமணம் ஆன முப்பது நாளுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தவறினால், அடுத்த சித்திரையில் பாலிசி புதுப்பிக்கும்போதுதான் வாசல் திறக்கும்.

நாங்கள் பதிவு செய்தது ஐப்பசியில். அவருடைய ஒப்பந்தம் முடிய பதினைந்து நாள் இருந்தது. நம் ஊர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, மோதிரம் மாற்றி, என் அண்ணன் எடுத்த படத்தில் சிரித்தோம். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் எனக்கு விசா. அப்புறம் நான் என் வீட்டுக்கும் அவர் தம் அறைக்கும் போனோம். சட்டப்படி என் கணவராகிவிட்டவர், அந்தப் பதினைந்து நாளும் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். அண்ணன் எங்களைத் தனியாகக் காரில்கூட அனுப்பவில்லை. யாருக்கும் அதில் வியப்பில்லை, எங்களுக்கும் இல்லை. தாலி ஏறவில்லையே!

அவர் ஒரகடம் திரும்பினார். தர்ஷினியின் பள்ளி ஆண்டு முடிய வேண்டும், விசா வர வேண்டும், நல்ல நாள் கிடைக்க வேண்டும் என்று ஏழு மாதம் போனது. திரும்பிய முதல் வாரத்திலேயே அவர்கள் ஆபீசில் காப்பீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிஃபர் என்ற பெண் அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"ஏழுமலை அண்ணா, ரிஜிஸ்டர் ஆயிடுச்சில்ல? பேர் சேத்துடலாமா?"

"இன்னும் தாலியே கட்டல, அதுக்குள்ள பொண்டாட்டின்னு எழுதினா நாலு பேரு அவளத்தான் தப்பா பேசுவான். வைகாசில கட்டிட்டு வந்து தரேன்மா" என்று இவர் சொல்லிவிட்டார்.

அதை அன்று என்னிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன். இரண்டாம் முறை மணக்கும் ஒருத்தியின் பெயர் கெடக் கூடாது என்று ஓர் ஆண் நினைக்கிறானே என்று அன்று கண் கலங்கினேன். பத்து வருடம் விண்ணப்பப் பாரங்களையே பார்த்தவளுக்கு, "ஐயா, தேதியைப் பாருங்கள்" என்று சொல்லத் தோன்றவில்லை.

வைகாசியில் குன்றத்தூர் மலையில் தாலி கட்டினார். பன்னிரண்டாம் நாளே நான் பாரத்தோடு உட்கார்ந்தேன். முப்பது நாளில் பதினெட்டு நாள் மிச்சம் என்று எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன். பாரம் இணையத்தில், மாலை ஐந்து மணிவரைதான் திறந்திருக்கும். உள்ளே நுழைய ஓ.டி.பி. வேண்டும். அது அவர் கைபேசிக்குப் போகும். அவர் கைபேசியோ ஷிப்ட் முடியும்வரை தொழிற்சாலை வாசலில் லாக்கருக்குள் கிடக்கும். ஆக, அவருக்கு வார விடுமுறை வந்தால்தான் நான் அவருக்கு மனைவியாக விண்ணப்பிக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பித்தேன். செவ்வாய்க்கிழமை ஜெனிஃபர் கூப்பிட்டாள்.

"மேடம், டேட் போட்டவுடனே சிஸ்டம் ரெட் காட்டுது. ஏழு மாசம் லேட்னு வருது."

"ஏழு மாசத்துக்கு முன்னாடி எனக்குக் கல்யாணமே ஆகலையே, பிள்ளை."

"அப்போ இந்த சர்டிபிகேட் இன்னாது மேடம்?"

"அது பதிவு."

"பதிவுன்னா கல்யாணம்தான மேடம்?"

கவுண்டரில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

4

இதோடு போயிருந்தால், சித்திரைவரை பொறுத்துக்கொள்வோம் என்று விட்டிருப்பேன். ஆடியில் எனக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. மாதத்தில் ஐந்து நாள் வர வேண்டியது பதினைந்து நாள் வந்தது. மூன்று மாடி ஏறினால் இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிடுவேன். கீழ் வீட்டுப் பெண் வாசலில் ஒரு நாற்காலியை எனக்காகவே போட்டு வைத்திருக்கிறாள்.

ஸ்கேன் பார்த்த லேடி டாக்டர், கர்ப்பப்பையில் கட்டி என்றார். பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும். "ரத்தம் ஏழுலதாம்மா கீது. சித்திரை வரைக்கும்லாம் தாங்காது. ரெண்டு மாசத்துக்குள்ள முடிவு பண்ணுங்க. இன்சூரன்ஸ் இருக்கில்ல?" என்று கேட்டார்.

"இருக்கு. எனக்கு இல்லை" என்றேன்.

சொந்தக் காசில் செய்துகொள்ளலாமே என்பீர்கள். இரண்டு கல்யாணமும் ஒரு குடிபெயர்வும் முடித்தவர்கள் கையில் என்ன இருக்கும்? அதை எழுதினால் புலம்பலாகிவிடும், விட்டுவிடுகிறேன். அரசு மருத்துவமனைக்கும் போனோம். கனிவாகத்தான் பேசினார்கள். ஆனால் அடையாள எண் கேட்கும் இடத்தில் என் மலேசியக் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, நீட்டினேன். அந்தக் கவுண்டர்ப் பெண் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரிய அதிகாரி லீவில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். பத்து வருடம் நான் பேசிய குரல்.

5

ஜெனிஃபரை நேரில் பார்த்துவிடுவது என்று புறப்பட்டேன். ஏழுமலையின் விடுமுறை நாளில், அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஒரகடம் போனேன். வழி நெடுக கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் 'விசிட்டர்' என்று ஓர் அட்டை மாட்டினார்கள்.

ஜெனிஃபர் வாரணவாசிப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து இருக்கும். தண்ணீர் கொடுத்தாள், மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் நிஜமாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"மேடம், இன்சூரன்ஸ்காரங்ககிட்ட நான் பேசிட்டேன். நீங்க வைகாசில அப்ளை பண்ணது ரெகார்ட்ல கீது. அதனால திரும்ப ஓப்பன் பண்ணித் தரேன்னு சொல்றாங்க. அந்த மலேசியா சர்டிபிகேட்ட விட்ருங்க. கோயில் ரசீத வெச்சி இங்க ரிஜிஸ்டர் பண்ணுங்க. அப்புறம் இந்த லெட்டர்ல ஒரு சைன்."

கடிதத்தை வாங்கிப் படித்தேன். நான்கே வரி. வைகாசி மாதத்துக்கு முன்பு எங்கள் இருவருக்கும் இடையே எந்தத் திருமணமும் நடக்கவில்லை என்று உறுதி கூறுகிறோம்.

"இதானே மேடம் நீங்களும் சொல்றீங்க? அன்னிக்கு போன்ல இதான சொன்னீங்க?"

சொன்னேன்தான். வீட்டில், கோயிலில், சொந்தக்காரர்களிடம் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கையெழுத்துப் போட்டால்? நான் இந்த நாட்டில் கால் வைத்ததே அந்த ஐப்பசிச் சான்றிதழைக் காட்டித்தான். வைகாசிக்கு முன் திருமணம் இல்லை என்றால், சித்திரையில் மனைவி என்று சொல்லி விசா வாங்கியவள் யார்? ஓர் அலுவலகத்துக்கு நான் அன்றே மனைவியாக இருக்க வேண்டும், இன்னொரு அலுவலகத்துக்கு அன்று மனைவியாக இருந்திருக்கவே கூடாது. இரண்டு தாளும் ஒரு நாள் ஒரே மேசைக்கு வந்தால் விசா போய்விடும். கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு இது தெரியும். தாள்கள் எப்படியோ ஒன்றையொன்று தேடிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும்.

"முடியாது, பிள்ளை" என்றேன்.

"யாரும் பாக்க மாட்டாங்க மேடம்" என்றாள் தாழ்ந்த குரலில். அவள் கண்ணில் நீர் இருந்தது. "எங்க அக்காவுக்கும் இதே பிரச்சனைதான். தள்ளிப் போட்டுக்கினே இருந்தாங்க. ரொம்பக் கஷ்டப்பட்டாங்க."

அங்கே உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தமே இல்லாமல், ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி என் கவுண்டருக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் ஞாபகம் வந்தது. கணவனின் கார்டு காலாவதியாகியிருந்தது. நாளைக்கு ஒரிஜினல் கொண்டு வாங்க என்று அனுப்பினேன். அவள் மறுநாள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை, அன்று எனக்கு டோக்கன் நூற்றுக்கு மேல் இருந்தது. இப்போது அவள் பெயரை எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் என்னை அதிகம் வதைக்கிறது.

6

வீடு திரும்பியதும் ஏழுமலை, "பக்கத்து கம்பெனில ஆள் எடுக்கறான். புதுசா சேர்றவனுக்கு மொத நாளே பொண்டாட்டி பேரு போட்டுக்கறான். எப்போ கட்டினன்னு கேக்க மாட்டான். நா இத்த எழுதிக் குடுத்துட்டு அங்க சேந்துடறேன்" என்றார்.

"நிரந்தர வேலையா அது?"

"கான்ட்ராக்ட்டுதான். அதனால இன்னா?"

பதினொரு வருடமாக அவர் நிலைத்து நின்ற வேலை. என் பெயரை ஒரு தாளில் எழுதுவதற்காக அதை விடுகிறேன் என்கிறார். சினிமாவாக இருந்தால் நான் உருகியிருக்க வேண்டும். எனக்கு மூச்சு முட்டியது. அவர் வேலையை விட்டால் அந்தக் கடன் என் தலையில் ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கும். அப்புறம் நான் இங்கிருந்து அசையவே முடியாது.

"ஒன்னும் வேணாம். நான் ஊருக்குப் போறேன். அங்கே அரசு மருத்துவமனையில் செஞ்சிக்கிறேன். நான் அந்நாட்டுப் பிரஜை, யாரும் என்னைத் தேதி கேட்க மாட்டாங்க" என்றேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். எழுதிவிடுகிறேன். கட்டி என்று தெரிவதற்கு முன்பே நான் ஊருக்குப் போகும் விமானங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஏழுமலை நல்லவர். குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்காமல் தட்டில் கை வைப்பதில்லை. அவரிடமிருந்து ஓட எனக்கு ஒரு காரணமும் இல்லை. அந்த மூன்றாவது மாடியிலிருந்து ஓட வேண்டும் என்றுதான் இருந்தது. எந்தப் பாரத்திலும் 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் மட்டுமே என் பெயருக்கு இடம் இருப்பதிலிருந்து ஓட வேண்டும் என்று இருந்தது. நோய் வந்ததும் உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. போவதற்கு யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால், அப்புறம் மெல்ல, ஒரு மாதம், இரண்டு மாதம் என்று...

இன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்தவர் கையில் பிரியாணிப் பொட்டலம். காலையில் அப்படிப் பேசியவர் எங்கள் பதிவு நாளை மறக்கவில்லை. மூவரும் சாப்பிட்டோம். பிறகு அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

"போற டேட் போட்டாச்சி. ரெண்டு பேருதான? ரிட்டன் எப்போ போடட்டும்?"

"அங்கே போய்ப் பார்த்துக்கலாமே. டாக்டர் என்ன சொல்றாங்களோ."

அவர் நிமிரவில்லை. "செரி. ஒன் வே போட்டுடறேன்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் விரல் திரையைத் தொடாமல் அப்படியே நின்றது. அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தர்ஷினி தலையைத் தூக்கினாள்.

"ரெண்டு பேரா? நா எதுக்கும்மா? எனக்கு ஆஃப் இயர்லி கீது."

"அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கு, தர்ஷினி."

"நா வரல. நீ போய் ஆபரேஷன் பண்ணிக்கினு நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வா. பொங்கலுக்கு முன்னாடி ரேங்க் கார்டு குடுப்பாங்க, அதுக்குள்ள வந்துடு." நோட்டுக்குத் திரும்பிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்: "நீ வரலன்னா பரவால்ல. அப்பா சைன் போட்டுடுவாரு."

வந்த நாளிலிருந்து அவரை 'அங்கிள்' என்றே கூப்பிட்டவள். எப்போது மாறினாள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் இப்போதுதான் தெரியும்போல. கையில் இருந்த கைபேசித் திரை அணைந்துபோனதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவள் அவரை அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று மூச்சு வாங்க மலைப்படி ஏறி வேண்டிக்கொண்டவள் நான்தான். கேட்டது கிடைத்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இவள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாளே என்ற கோபம். நான் திறந்து வைத்திருந்த ஒரே கதவை இவள் கணக்கு நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சாத்திவிட்டாளே என்ற கோபம். இனி நான் எங்கே போனாலும் இங்கே திரும்பி வந்துதான் ஆக வேண்டும். கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

"ஜனவரி பத்துக்குப் போடுங்க" என்றேன்.

"இன்னாது?"

"திரும்பி வர்றதுக்கு. எனக்கு மட்டும்."

ஏழுமலை திரையை மீண்டும் எழுப்பினார். பயணிகள் இரண்டு என்று இருந்ததை, மெதுவாக, ஒன்று என்று மாற்றினார்.